351: வின்ட்சரா, கிளீவ்லண்டா?

1970-இல் ஃபோர்டின் 351 கன அங்குல வி8 எஞ்சினில் வின்ட்சர், கிளீவ்லண்ட் என்று இரண்டு வகை இருந்தன. வின்ட்சருக்கென்று நீங்கள் வாங்கிய இன்டேக் மேனிஃபோல்டு (காற்றும் எரிபொருளும் எஞ்சினுக்குள் செல்லும் குழாய்த் தொகுதி) உங்கள் எஞ்சினில் பொருந்தாது. அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் 1970 மஸ்டாங்கின் வால்வு கவர் (எஞ்சினின் மேல்மூடி) ஒவ்வொன்றிலும் 8 போல்ட் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வின்ட்சரில் 6 மட்டுமே இருக்கும். எட்டு என்றால் அது கிளீவ்லண்ட் ஹெட் (சிலிண்டர்களின் மேல் அமரும் பகுதி).

சேஸிஸ் எண்ணிலுள்ள 'எச்' எழுத்தை நம்பி வாங்கியதே குழப்பத்துக்குக் காரணமாக இருக்கலாம். அந்த ஆண்டில் இரண்டு பேரல் (காற்று வழி) கார்புரேட்டர் கொண்ட 351 எதுவானாலும் ஃபோர்டு அதே எழுத்தைத்தான் பொறித்தது. போர் (சிலிண்டர் விட்டம்) 4 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 3.5 அங்குலம் என்பதும் இரண்டுக்கும் பொது என்பதால், அளந்து பார்த்தும் பயனில்லை.

ஹெட் மட்டும் மாற்றப்பட்டதா என்று அறிய, ரேடியேட்டரின் மேல் ஹோஸ் எங்கே சேர்கிறது என்று பாருங்கள். வின்ட்சரில் தெர்மோஸ்டாட் (குளிர்நீர் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) மேனிஃபோல்டின் முன்புறத்தில் அமர்ந்திருக்கும், ஹோஸ் முன்னோக்கி வரும். கிளீவ்லண்டில் அது பிளாக்கிலேயே (சிலிண்டர்கள் உள்ள அடிப்பகுதி) அமர்ந்திருக்கும், ஹோஸ் மேல்நோக்கி எழும். கிளீவ்லண்ட் மேனிஃபோல்டு வழியாகக் குளிர்நீர் ஓடுவதே இல்லை. வின்ட்சர் பிளாக்கில் கிளீவ்லண்ட் ஹெட்டைப் பூட்டுவோரும் உண்டு. அப்படியானால் அந்தக் கலவைக்கென்றே செய்த மேனிஃபோல்டுதான் வேண்டும்.

இன்னொன்று: 1975-இல் வந்த ஃபோர்டின் 351எம் எஞ்சினுக்கும் 8 போல்ட் கவர்தான். பழைய வண்டியில் எஞ்சின் மாறியிருக்கக்கூடும். 351எம்மின் பிளாக் கிளீவ்லண்டைவிட ஏறத்தாழ ஓர் அங்குலம் உயரமானது என்பதால், கிளீவ்லண்ட் மேனிஃபோல்டு ஸ்பேசர் (இடைவெளியை நிரப்பும் தகடு) இல்லாமல் அதில் சேராது. ஆர்டர் செய்வதற்கு முன் பிளாக்கின் வார்ப்பு எண்ணை (வார்க்கும்போதே அதில் பொறித்த எண்) படித்துவிடுங்கள்.