கார்ப்பெட் அனிமோனும் க்ளவுன் மீனும்: வாசகர் கேள்வி – பதில்

விரிப்பு போலப் பரந்து, விரல் போன்ற நீட்சிகளால் இரை பிடிக்கும் கடல் விலங்கு கார்ப்பெட் அனிமோன்; அதில் குடியிருக்கும் சிறு மீன் க்ளவுன். கடல்நீர்த் தொட்டியில் கார்ப்பெட் அனிமோன் வளர்ப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

என்னிடம் 2 அடி தொட்டி இருக்கிறது, சுமார் 70 லிட்டர். தொட்டி வைத்து நான்கு மாதம் ஆகிறது. ஒசெல்லாரிஸ் க்ளவுன் ஜோடி நன்றாக இருக்கிறது. அனிமோன் இல்லாமல் அவை ஏங்கிப்போகுமா? சின்ன கார்ப்பெட் ஒன்று வாங்கி விடலாமா? – வாசகி, கோயம்புத்தூர்

ஏங்காது. கடலில் அனிமோன் அந்த மீனுக்கு அரண். பெரிய மீன்களிடமிருந்து உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும் இடம். உங்கள் தொட்டியில் அதைத் துரத்த யாரும் இல்லை. பண்ணையில் பொரித்து வளர்த்த க்ளவுன், அனிமோனையே பார்க்காமல் வளர்ந்து, ஒரு மண்சட்டியின் ஓரத்தில் முட்டையிட்டு ஆண்டுக்கணக்கில் வாழ்கிறது.

க்ளவுன் குடியிருக்கும் கார்ப்பெட்டில் சின்ன வகை கிடையாது. கடையில் 15 செ.மீ. அகலத்தில் இருப்பது நன்றாக வளர்ந்தால் 50 செ.மீ. தாண்டும். 70 லிட்டரில் அது செத்தால், ஒரே இரவில் அம்மோனியா ஏறி மீன்களும் போய்விடும். 400 லிட்டருக்குக் குறையாத தொட்டி வேண்டும், அதுவும் ஒரு வருடம் ஓடியதாக இருக்க வேண்டும். ஆறு மாதம் போதும் என்பவர்கள் உண்டு. கார்ப்பெட் விஷயத்தில் நாங்கள் அதை ஏற்பதில்லை. இவை பெரும்பாலும் கடலிலிருந்து பிடித்து வருபவை. சரியாக வைத்தால் பல பத்தாண்டுகள் வாழக்கூடியவை. இருக்கிற ஜோடியை நன்றாக வளருங்கள்.

4 அடிக்கு 2 அடிக்கு 2 அடி தொட்டி, சம்ப் (கீழே வைக்கும் வடிகட்டும் தொட்டி), ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி) எல்லாம் இருக்கிறது. ஒன்றரை வருடமாக ஓடுகிறது. கொளத்தூரில் ஒரு கடையில் "கார்ப்பெட்" என்று மட்டும் சொல்கிறார்கள். எந்த இனம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? என்னிடம் இருப்பது ஒசெல்லாரிஸ். – வாசகர், சென்னை

கார்ப்பெட் என்ற பெயரில் பெரும்பாலும் மூன்று இனங்கள் விற்பனைக்கு வருகின்றன: ஹடோனி, ஜைகான்டியா, மெர்டென்சி. இனம் தெரியாமல் வாங்கினால் மணலில் வைக்க வேண்டியதைப் பாறையில் வைத்து விடுவீர்கள்.

ஹடோனி மணலில் வாழ்வது. விரல்கள் குட்டையாக, நெருக்கமாக இருக்கும். தட்டு போன்ற உடலின் விளிம்பைக் கிட்டே போய்ப் பாருங்கள்: ஒரு விரல் நீளம், அடுத்தது குட்டை என்று மாறி மாறி வந்தால் அது ஹடோனி. ஜைகான்டியாவின் விரல்கள் கொஞ்சம் நீளம். பம்ப்பை நிறுத்தி நீர் அசையாமல் இருக்கும்போதும் நடுங்கிக்கொண்டே இருக்கும். ஓரம் பலமாக மடிந்திருக்கும், பிசுபிசுப்பு அதிகம். மெர்டென்சியின் தண்டில் ஆரஞ்சு அல்லது கத்தரிப்பூ நிறப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். அது ஒரு மீட்டருக்கு மேல் விரியக்கூடியது. வீட்டுத் தொட்டிக்கு வேண்டாம்.

ஒசெல்லாரிஸ் கடலில் ஜைகான்டியாவிலும் மெர்டென்சியிலும் குடியிருக்கிறது, ஹடோனியில் இல்லை. தொட்டியில் சில ஒசெல்லாரிஸ் ஹடோனியை ஏற்றுக்கொள்ளும். சில அதற்கே இரையாகும். ஹடோனிதான் வேண்டுமென்றால் செபே அல்லது கிளார்க்கி க்ளவுன் சரியான ஜோடி. ஒசெல்லாரிஸை மாற்ற மனமில்லை என்றால் ஜைகான்டியா. ஆனால் அதற்கு ஒளியும் நீரோட்டமும் கூடுதலாக வேண்டும்: ஹடோனிக்கு, ஒளியை அளக்கும் பார் (PAR) அளவு 150 முதல் 300 போதும், ஜைகான்டியாவுக்கு 300க்குக் குறையக் கூடாது. முதல் தடவை வளர்ப்பவருக்கு எங்கள் சிபாரிசு ஹடோனிதான்.

உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35, வெப்பம் 25–27 டிகிரி, கார்பனேட் கடினம் 8–9 டி.கே.எச்., நைட்ரேட் 2–10 பி.பி.எம்., பாஸ்பேட் 0.1க்குள். இந்த எண்கள் இரண்டு மாதம் ஆடாமல் நின்றபின் கடைக்குப் போங்கள். நைட்ரேட் பூஜ்யம் என்று பெருமைப்பட வேண்டாம். அனிமோனின் உடலுக்குள் வாழும் பாசிக்கும் கொஞ்சம் உரம் வேண்டும்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? எப்படி நடுவது? – வாசகர், திருச்சி

முதலில் வாயைப் பாருங்கள். இறுக மூடியிருக்க வேண்டும். வாய் பிளந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். அடுத்து பாதம். கண்ணாடியிலோ பாறையிலோ ஒட்டியதைப் பிய்த்து எடுத்திருந்தால் அடியில் கிழிசல் இருக்கும். கிழிந்த பாதம் பெரும்பாலும் அழுகும். வெளேரென்று இருப்பது தன் பாசியை இழந்தது. பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சள், ரோஜா நிறம் என்றால் சாயம் ஏற்றியதாக இருக்கலாம். கடைக்காரரிடம் ஒரு துண்டு இறால் கொடுக்கச் சொல்லுங்கள்; பிடித்து, மடித்து, விழுங்க வேண்டும். வந்து ஒரு வாரமாவது கடையில் இருந்ததை எடுப்பது நல்லது.

ஹடோனிக்கு 10–15 செ.மீ. ஆழத்துக்கு நைஸ் மணல் வேண்டும். உங்கள் தொட்டி 4க்கு 2 அடி என்றால், தொட்டி முழுக்க 10 செ.மீ. போடவே 100 கிலோவுக்கு மேல் ஆகும். அதனால் ஒரு மூலையில் 40 செ.மீ. சதுரத்துக்கு அக்ரிலிக் தடுப்பு வைத்து, அதற்குள் மட்டும் 12 செ.மீ. நிரப்புங்கள். 30 கிலோவுக்குள் முடியும். மணலின் அடியில் சொரசொரப்பான ஒரு டைல் துண்டை வைத்தால் பாதம் அதைப் பிடித்துக்கொள்ளும். வெறும் மணலில் பாதத்துக்குப் பிடிமானம் இல்லை; அதனால்தான் பல ஹடோனிகள் இடம் தேடி அலைகின்றன.

பையை 20 நிமிடம் மிதக்க விடுங்கள். பிறகு ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். பை நீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். எல்லா பம்ப்பையும் நிறுத்தி, மணலில் கையளவு குழி எடுத்து, பாதத்தைக் கீழ்நோக்கி இறக்கி, சுற்றி மணலை அணையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து நீரோட்டத்தை மெதுவாகத் தொடங்கலாம். விளக்கை வழக்கமான அளவில் 40 சதவீதத்துக்குக் குறைத்து, வாரம் 5 முதல் 10 சதவீதம் ஏற்றுங்கள்.

இதையெல்லாம் செய்யும் முன், வேவ்மேக்கரின் (நீரோட்டம் உண்டாக்கும் விசிறி) உறிஞ்சும் பக்கத்தை ஸ்பாஞ்ச் அல்லது வலையால் மூடியிருக்க வேண்டும். இரவில் நகர்ந்து விசிறியில் சிக்கும் அனிமோன் துண்டுதுண்டாகி, தொட்டியையே நாசம் செய்து விடும். கையுறை கட்டாயம். முழங்கையின் உட்புறம் பட்டால் தடித்துக் கொப்பளிக்கும். ஒட்டிக்கொண்ட அனிமோனை இழுத்துப் பிடுங்கினால் அதன் விரலும் கிழியும்.

வாங்கி ஐந்து நாள் ஆகிறது. தினமும் சுருங்கிப் பை மாதிரி ஆகிறது, மறுபடி விரிகிறது. வாய் திறந்திருக்கிறது. என்ன செய்ய? – வாசகர், மதுரை

சுருங்குவது மட்டும் நோய் அல்ல. பழைய நீரையும் கழிவையும் வெளியேற்ற எல்லா அனிமோனும் சுருங்கும். பழுப்பு நூல் போன்ற கழிவு வரும், சில மணி நேரத்தில் விரிந்து வாயை மூடிக்கொள்ளும். நீங்கள் சொல்வது அதுவல்ல. தினமும் சுருங்கி, விரிந்தபின்னும் வாய் மூடவில்லை என்றால் பாக்டீரியா தொற்று என்றே எடுத்துக்கொள்ளுங்கள். காத்திருந்தால் கை மீறிப் போகும்.

வளர்ப்பவர்கள் நடைமுறையில் கண்ட வழி சிப்ரோஃப்ளாக்சசின். மருந்துச் சீட்டு தேவைப்படும் மாத்திரை இது. கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். மெயின் தொட்டியில் போடவே கூடாது, நல்ல பாக்டீரியாவும் செத்துப்போகும். 40 லிட்டர் தனித் தொட்டி. அதில் ஹீட்டர், சின்ன பம்ப், விளக்கு மட்டும். மணல், பாறை, கார்பன் (வடிகட்டும் கரி) எதுவும் வேண்டாம். நீருக்குள்ளேயே ஒரு கிண்ணத்தில் ஏந்தி அனிமோனை மாற்றுங்கள்.

இரவு விளக்கை அணைத்தபின் 250 மி.கி. மாத்திரையைப் பொடித்து, கொஞ்சம் நீரில் கரைத்து ஊற்றுங்கள். ஒளி பட்டால் இந்த மருந்து சிதையும். அதனால்தான் இரவில் போடுகிறோம். காலையில் முழு நீரையும் மாற்றி விளக்கைப் போடுங்கள். இரவு மறுபடி மருந்து. ஏழு நாள் இப்படி. மாற்றும் நீரின் வெப்பமும் உப்பும் பழைய நீருக்குச் சமமாக இருக்க வேண்டும். தினம் 40 லிட்டர் என்றால் ஏழு நாளுக்கு 280 லிட்டர். சுமார் 10 கிலோ உப்பு. பாதியில் உப்பு தீர்ந்து சிகிச்சை நின்றுபோவது அடிக்கடி நடக்கிறது. முதலிலேயே வாங்கி வையுங்கள். சிகிச்சையின்போது உணவு கொடுக்க வேண்டாம்.

இரண்டு மூன்று நாளில் வாய் இறுகத் தொடங்கும். ஏழாம் நாளும் சுருங்கினால் பத்து நாள் வரை நீட்டலாம். தோல் கரைந்து, கிட்டே போனாலே அழுகிய நாற்றம் அடித்தால் உடனே எடுத்து எறியுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை உணவு? என் தொட்டியில் இரண்டு கோபி மீன்கள் காணாமல் போய்விட்டன. – வாசகர், ஈரோடு

ஹடோனி தின்றிருக்கும். தூங்கும்போதோ திடுக்கிட்டு ஓடும்போதோ மேலே பட்டால் போதும். கோபி, மாண்டரின், கடல்குதிரை எதையும் அதனுடன் வைக்காதீர்கள்.

வாரம் ஒருமுறை, விரல் நக அளவு இறால் அல்லது மீன் துண்டு. உப்போ மஞ்சளோ தடவாத பச்சை இறாலாக இருக்கட்டும். பெரிய துண்டாகக் கொடுத்தால் மறுநாள் சளி சுற்றிக் கக்கிவிடும். அதுவே நீரைக் கெடுக்கும். நிறம் வெளுத்த அனிமோனுக்கு மட்டும் அரிந்த துணுக்குகளாக வாரம் மூன்று முறை.

கோடையில் தொட்டி 30 டிகிரி தொடுகிறது. சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) வாங்க இப்போது முடியாது. – வாசகர், வேலூர்

சம்ப்பின் மேல் விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். நீர் ஆவியாவதால் வரும் குளிர்ச்சி அது. அதனால் வேலூரின் வறண்ட காற்றில் நன்றாக வேலை செய்யும், கடலோர ஊர்ப் புழுக்கத்தில் குறைவு. ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு அப்படியே நிற்கும். 400 லிட்டரில் நாளுக்கு 8 லிட்டர் குறைந்து மூன்று நாள் கவனிக்காமல் விட்டால் உப்புத்தன்மை 35இலிருந்து 37 தாண்டும். உப்பும் தாதுவும் நீக்கிய வெறும் ஆர்.ஓ. டி.ஐ. நீரால் தினமும் ஈடு செய்யுங்கள். உப்பு நீரை ஊற்றாதீர்கள். தானாக நிரப்பும் கருவி இருந்தால் நிம்மதி.

அவசரத்துக்கு ஒரு லிட்டர் பாட்டிலில் உறைந்த நீரை சம்ப்பில் மிதக்க விடலாம். மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறக்காதீர்கள். மின்வெட்டில் சூட்டுக்கு முன்னால் ஆக்சிஜன்தான் தீரும். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று அலமாரியில் இருக்கட்டும். ஆனாலும் 29 டிகிரியைத் தொடர்ந்து தொடும் வீட்டில் சில்லர் இல்லாமல் கார்ப்பெட் வாங்காதீர்கள்.

அனிமோன் நன்றாக விரிந்திருக்கிறது, கிளார்க்கி பக்கத்தில்கூடப் போவதில்லை. – வாசகி, புதுச்சேரி

அனிமோன் வந்து ஒரு மாதம் ஆகட்டும். பிறகு மாலையில் மீனை வலைப்பெட்டியில் அனிமோனுக்கு அருகே இரண்டு நாள் வைத்து, விளக்கு அணையும் நேரத்தில் திறந்து விடுங்கள். முதலில் வாலையும் துடுப்பையும் மட்டும் உரசும், துள்ளி விலகும், மறுபடி வரும். அப்படித்தான் பழகும். வலையால் தள்ளி அதன் மேல் போடாதீர்கள். சில மீன்கள் பல மாதம் எடுக்கும். பெரிய பெண் மீனாகவும் அனிமோன் 20 செ.மீ.க்குக் கீழும் இருந்தால், சேர்ந்தபின் அது அனிமோனைக் குடைந்து விரியவே விடாது. அப்போது மீனைப் பிரித்து வையுங்கள்.

மண்டபம் பக்கம் ஆழம் குறைந்த கடலில் கார்ப்பெட் அனிமோனைப் பார்த்தேன். எடுத்து வளர்க்கலாமா? – வாசகர், இராமநாதபுரம்

வேண்டாம். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் ஹடோனி. நம் கடலின் செபே க்ளவுனுக்கு அதுதான் வீடு. ஒன்றைத் தோண்டினால் அதில் இருக்கும் குடும்பம் மொத்தமும் மற்ற மீன்களுக்கு இரையாகும். இராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே உள்ள 21 தீவுகள் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. அங்கே எதையும் எடுப்பது குற்றம். தோண்டும்போது பாதம் கிழியும் என்பதும் இருக்கிறது. செபே வேண்டுமென்றால் பொரிப்பக மீனைத் தேடுங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் க்ளவுன் மீன்களை இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கின்றன.

க்ளவுன் மீது வெள்ளைப் புள்ளிகள். காப்பர் மருந்து போடலாமா? அனிமோன் அதே தொட்டியில் இருக்கிறது. – வாசகர், சேலம்

அந்தத் தொட்டியில் ஒரு சொட்டுகூடக் கூடாது. காப்பர் அனிமோனைக் கொல்லும். பாறையிலும் மணலிலும் படிந்து நெடுநாள் கசியும். எல்லா மீன்களையும் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கே சிகிச்சை கொடுங்கள். மெயின் தொட்டி 76 நாள் மீனில்லாமல் இருக்கட்டும். மீன் கிடைக்காமல், வெள்ளைப் புள்ளிகளை உண்டாக்கும் ஒட்டுண்ணி செத்துவிடும். அதுவரை அனிமோனுக்கு வாரம் ஒருமுறை இறால் துண்டு தவறாமல் கொடுங்கள். தனித் தொட்டியில் புழங்கிய வலையும் வாளியும் மெயின் தொட்டிப் பக்கம் வரவே கூடாது.