‘ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காத அப்பச்சியை நான் ஏன் போய்ப் பார்க்க வேண்டும்?’

அன்புள்ள மேடம்,

எனக்கு 45 வயது. காரைக்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மனைவி, ஒரே மகன், ஒன்பதாவது படிக்கிறான். கடன் இல்லை, வீட்டில் சண்டை இல்லை, வெளியில் இருந்து பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. எழுதுவது என் அப்பச்சியைப் பற்றி. எங்கள் பக்கம் அப்பாவை அப்பச்சி என்போம், அம்மாவை ஆத்தா என்போம்.

1986இல், எனக்கு ஆறு வயது, அப்பச்சி மலேசியா போனார். உறவுக்காரர் கடையில் கணக்கு எழுதும் வேலை, மூன்று வருஷத்தில் திரும்பி வருவதாகப் பேச்சு. வரவில்லை. முதலில் பணமும் கடிதமும் வந்தன, அப்புறம் பணம் மட்டும் வந்தது, அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. ஏன் என்று இன்றுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அங்கே இன்னொரு குடும்பம் இருக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். கடன்பட்டுவிட்டார் என்று சிலர். முதலாளியோடு தகராறு என்று பெரியப்பச்சி. யாரைக் கேட்டாலும் பாதி சொல்லிவிட்டு, “சரி விடுப்பா, காபி சாப்பிடு” என்பார்கள். இதைச் சொல்லும்போதே எனக்குக் கோபம் வருகிறது.

ஆத்தா கைமுறுக்கும் சீப்புச் சீடையும் சுட்டு விற்று என்னைப் படிக்க வைத்தார்கள். வைரத்தோடு போனது, வெள்ளிச் சாமான் போனது. பிள்ளையார் நோன்புக்கு மற்ற பையன்களுக்கு அவரவர் அப்பச்சி இழை, அதாவது திரி வைத்து ஏற்றிய மாவு, எடுத்துக் கொடுப்பார், நான் பெரியப்பச்சி வீட்டு வரிசையில் கடைசியில் நிற்பேன். எனக்கு வரும்போது மாவு ஆறியிருக்கும். என் கல்யாணத்தில் இசைகுடிமானம் (கல்யாண ஒப்பந்தம்) எழுதும்போதும் அவர் உட்கார வேண்டிய இடத்தில் பெரியப்பச்சிதான் உட்கார்ந்தார். இத்தனைக்கும் பிறகு ஆத்தா என்ன செய்கிறார்கள் தெரியுமா, ஊர்க் கோயிலில் வருஷா வருஷம் முழுப் புள்ளிக்கு வரி கட்டுகிறார்கள். கணவன் மனைவி இருவரும் சேர்ந்தால்தான் ஒரு புள்ளி, ஒருவர் இல்லையென்றால் அரைப்புள்ளி. இல்லாத மனிதருக்கு எதற்கு முழுப்புள்ளி? கேட்டால் பதில் சொல்ல மாட்டார்கள். நான் கேட்டதும் தப்பு என்று ஆகிவிடும்.

இப்போது என்ன பிரச்சினை என்றால், இரண்டு வருஷத்துக்கு முன் அவர் ஊர் திரும்பிவிட்டார். எங்கள் வீட்டுக்கு இல்லை. திருமயத்தில் அத்தை வீட்டில் இருக்கிறார். காரைக்குடியில் இருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். பரம்பரை வீட்டை ஒருவர் ஓட்டல் நடத்த விலைக்குக் கேட்கிறார், பதினாறு பங்கு, எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு, அவர் மட்டும் பாக்கி. ‘நீதான் மகன், பத்திரத்தை நீயே கொண்டுபோய் வாங்கி வா’ என்கிறார்கள். மகன் என்ற ஞாபகம் எல்லாருக்கும் இப்போதுதான் வந்திருக்கிறது.

போன வாரம் சலூனில் முடி வெட்டிவிட்டுப் பின்னால் கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார்கள். உச்சந்தலையில், கொஞ்சம் இடது பக்கம் தள்ளி, பழைய ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வழுக்கை. அப்படியே அவர் தலை. கல்யாண போட்டோவில் அவருக்குச் சுருள்சுருளாக அடர்த்தியான முடி, வீட்டில் இருப்பதும் அந்த ஒரு போட்டோதான். நல்லது எதையும் கொடுக்காத மனிதர் வழுக்கையை மட்டும் கொடுத்திருக்கிறார். அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

(ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. 1994இல் ஒரு தடவை ஊருக்கு வந்திருந்தார். மத்தியான நேரம். திண்ணையில் ஒரு மணி நேரம் போல உட்கார்ந்துவிட்டுப் போய்விட்டார். ஆத்தா என்னை இரண்டு தடவை கூப்பிட்டார்களாம், நான் மாடியில் தூங்கிவிட்டேன். நீல நிற பிஸ்கட் டின் ஒன்றை வைத்துக்கொண்டு, கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார். அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை.)

என் மகன் “ஐயா எப்படி இருப்பாங்க?” என்று கேட்டால், “நம்மளை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காதவர்” என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு தகப்பன் பெற்ற பிள்ளையை எப்படி விட்டுவிட்டுப் போக முடிகிறது? அவர் மனசில் என்ன இருந்திருக்கும்? உளவியல் படித்தவர் நீங்கள், எனக்குப் புரியும்படி சொல்லுங்கள். நான் போக வேண்டுமா வேண்டாமா?

— பெயர் வேண்டாம், காரைக்குடி

*

அன்புள்ள காரைக்குடி நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முறுக்குச் சுட்ட ஆத்தா, ஆறிப்போன இழை, இசைகுடிமானம், பதினாறு பங்கு வீடு, எல்லாம் வலிதான், எதையும் நான் சின்னதாக நினைக்கவில்லை. ஆனால் அதற்கெல்லாம் பதில் எழுதப் போவதில்லை. அடைப்புக்குறிக்குள் போட்டு, ‘பெரிய விஷயம் இல்லை’ என்று மூடி வைத்தீர்களே, அதற்குத்தான் பதில்.

தூங்கிக்கொண்டிருந்தவருக்கு டின் நீல நிறம் என்று எப்படித் தெரியும்? கை மாற்றி மாற்றிப் பிடித்தது? ஆத்தா சொல்லியிருப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். உச்சந்தலை? ஆறு வயதுப் பிள்ளை அப்பாவை அண்ணாந்துதான் பார்க்கும். போட்டோவிலோ அடர்த்தியான முடி. இடது பக்கம் தள்ளி ஒரு ரூபாய் அளவு என்று இத்தனை துல்லியமாகச் சொல்ல வேண்டுமானால் மேலே இருந்து பார்த்திருக்க வேண்டும். தோளில் தூக்கி வைத்திருந்தபோது பார்த்தேன் என்று நீங்கள் சொல்லலாம். நான் நம்ப மாட்டேன்.

நீங்கள் அன்று தூங்கவில்லை. மாடி ஜன்னலில் நின்றீர்கள். ஆத்தா இரண்டு தடவை கூப்பிட்டது காதில் விழுந்தது. இறங்கவில்லை. அவர் படியிறங்கித் தெருவில் நின்றதையும் போனதையும் பார்த்தீர்கள். என் ஊகம் தப்பாக இருந்தால் மன்னித்துவிடுங்கள். சரியாக இருந்தால், முப்பது வருஷமாக நீங்கள் ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பது உங்கள் கேள்வியே இல்லை. ‘அவர் ஏன் போனார்’ என்பது வாய்க்கு எளிதாக வருகிற கேள்வி. உள்ளே இருப்பது வேறு: ‘நான் இறங்கி வராததால்தான் அவர் அப்புறம் வரவே இல்லையா?’

இதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். இல்லை. எட்டு வருஷம் வராத ஒரு மனிதர் தங்குவதா போவதா என்பதை ஒரு பையன் மாடிப்படி இறங்குவது தீர்மானிக்காது. நீங்கள் இறங்கியிருந்தால் ஒருவேளை அன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பார். அந்தப் பிஸ்கட்டை நீங்கள் தின்றிருப்பீர்கள். அதற்கு மேல் நடந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் மகனுக்கு இப்போது என்ன வயது, ஒன்பதாவது என்றால் பதினாலு இருக்குமா? அன்று உங்களுக்கும் பதினாலு. இன்று சாயங்காலம் அவன் டியூஷன் முடிந்து வந்து ஷூவைக் கழற்றும்போது கொஞ்சம் நின்று பாருங்கள். அவன் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தினான் என்பதற்காக ஒரு பெரிய மனிதர் முப்பது வருஷம் காணாமல் போனால், குற்றம் அவன் மேல் என்று சொல்வீர்களா?

ஆனால் உங்களுக்கு எதிராகவும் ஒன்று சொல்ல வேண்டும். பதினாலு வயதில் இறங்காதது தப்பில்லை. 45 வயதில் மகனிடம் ‘ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை’ என்று சொல்வது தப்பு. ஒரு தடவை பார்த்தார். ஒன்றே ஒன்று, அது போதாது, ஒரு பிஸ்கட் டின் எட்டு வருஷத்துக்கு ஈடாகாது, எல்லாம் சரி. இருந்தாலும் ஒன்று ஒன்றுதான், பூஜ்யம் இல்லை. அந்த ஒன்றை அழித்தால் ஜன்னலில் நின்ற பையனும் அழிந்துவிடுவான் என்பதால்தானே நீங்கள் கணக்கை மாற்றி எழுதினீர்கள்? புரிகிறது. ஆனால் அந்தத் தப்புக் கணக்கு இப்போது உங்கள் மகன் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில், வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களோடு வேலை செய்தார். இறந்தார் என்று அழவும் முடியாது, வருவார் என்று இருக்கவும் முடியாது. இப்படி முடிவு தெரியாத இழப்புக்கு அவர் ஒரு தனிப் பெயரே வைத்தார். சாவு வீட்டில் எட்டாம் நாள், பதினாறாம் நாள் என்று துக்கத்துக்கு ஒரு நாள் கணக்காவது உண்டு, இந்தத் துக்கத்துக்கு அது கிடையாது. உங்கள் பக்கத்துக்கு இது புதிதும் இல்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் மூன்று வருஷக் கணக்குக்குப் போய்விட்டு வருவதும், அதுவரை பெண்கள் அவ்வளவு பெரிய வீட்டைக் கட்டிக் காப்பதும் தலைமுறை தலைமுறையாக நடந்தது. அதற்கு ஒரு திரும்பும் தேதி இருந்தது. 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோதும், அறுபதுகளில் அங்கே தொழில்களை அரசு எடுத்துக்கொண்டபோதும் வெறுங்கையோடு திரும்பியவர்கள் உண்டு. ஆனால் அது ஊரோடு வந்த கஷ்டம், யாரும் யாரையும் கேட்க முடியாது. உங்கள் அப்பச்சி தனியாகத் தோற்றவர் என்றால், பர்மாத் தேக்குத் தூண் நிற்கிற முகப்பில் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்து உட்கார்வது லேசாக இருந்திருக்காது. அப்படித்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. இன்னொரு குடும்பம் இருந்திருக்கலாம், வெறும் பொறுப்பில்லாத மனிதராகவும் இருக்கலாம். அவர் மனசில் என்ன இருந்தது என்று என்னைக் கேட்கிறீர்கள். நான் அவரைப் பார்த்ததே இல்லை. அவர் முக்கால் மணி நேர தூரத்தில் இருக்கிறார்.

அவருக்காக நான் பரிந்து பேசுவதாக நினைக்க வேண்டாம். திருமயத்தில் இருந்து காரைக்குடிக்கும் அதே பஸ்தான் வருகிறது, இரண்டு வருஷமாக அவர் ஏறவில்லை. அதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

அப்புறம் ஆத்தா. முழுப்புள்ளி உங்களுக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று யோசித்தீர்களா? நீங்கள் ஆத்தாவுக்காகக் கோபப்படுகிறீர்கள், ஆனால் உங்களைவிட அதிகம் இழந்த அவர்கள் அவரைக் கணக்கில் இருந்து எடுக்கவே இல்லை. அன்று மகனைக் கூப்பிட்டதும் அவர்கள்தான், அதுவும் இரண்டு தடவை. அது பாசமா, வைராக்கியமா, ஊர் வாய்க்குப் பயந்ததா, எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரிய வேண்டியதில்லை. அது அவர்கள் இருவருக்குள் உள்ள பற்று வரவு. நீங்கள் உங்கள் கோபத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஆத்தாவுக்கான கோபத்தையும் சேர்த்துச் சுமக்காதீர்கள். அதை அவர்கள் உங்களிடம் ஒப்படைத்ததாகவே தெரியவில்லை.

போக வேண்டுமா என்று கேட்டீர்கள். போங்கள். மன்னிக்கப் போக வேண்டாம், அதை யாரும் உங்களிடம் கேட்கவில்லை. பத்திரத்தை எடுத்துக்கொண்டும் போகாதீர்கள். கையெழுத்துக்குப் பெரியப்பச்சி வீட்டில் யாராவது இன்னொரு நாள் போகட்டும், ஓட்டல்காரர் ஒரு மாதம் காத்திருந்தால் தூண் ஒன்றும் ஓடிவிடாது. பத்திரத்தோடு போனால் அவரும் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு, “சரி, காபி சாப்பிடு” என்பார், நீங்களும் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவீர்கள். ஆத்தாவிடம் சொல்லிவிட்டே போங்கள்.

அங்கே ‘ஏன் போனீர்கள்’ என்று ஆரம்பிக்காதீர்கள். 75 வயது மனிதர் அதற்கு ஏதாவது ஒரு கதை தயாராக வைத்திருப்பார், உங்களுக்கு அது பிடிக்காது. “அன்னைக்கு நான் மேலதான் நின்னேன், பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்” என்று சொல்லுங்கள். அதற்கு அவர் அழலாம், எதுவும் பேசாமல் இருக்கலாம், ஞாபகம் இல்லை என்றுகூடச் சொல்லலாம். அந்தக் கடைசிக்கும் மனசைத் தயார் செய்துகொண்டு போங்கள், அதுதான் அதிகம் வலிக்கும்.

அதற்கு முன்னால், இன்றோ நாளையோ, வீட்டில் மகனிடம் ஒரு திருத்தம் இருக்கிறது: ஐயா ஒரு தடவை வந்தார், எனக்கு அப்போது உன் வயசு, நான் இறங்கிப் போகவில்லை. எதற்கு இறங்கவில்லை என்று அவன் கேட்பான். அவனுக்குச் சொல்கிற பதிலை எனக்கும் எழுதுங்கள், உங்கள் கடிதத்தில் அது மட்டும்தான் இல்லை.