பாசி போனது, மீனும் போனது: மருந்து போலியா?

கேள்வி: எங்கள் வீட்டு 2 அடி மீன்தொட்டியில் கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி. கடைக்காரர் கொடுத்த பாசி மருந்தை ஊற்றி, அன்றே ஃபில்டரையும் குழாயடியில் பளிச்சென்று கழுவினேன். மூன்றாம் நாள் பாசி போய்விட்டது. ஆனால் தண்ணீர் கலங்கி, இரண்டு கோல்டு ஃபிஷ் செத்துவிட்டன. மற்றவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. மருந்து போலியா? இப்போது யூ.வி. விளக்கு வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: மருந்து போலியாக இருக்க வேண்டியதில்லை. அது பாசியைக் கொன்றது, ஆனால் செத்த பாசி தொட்டியை விட்டுப் போகவில்லை. அது அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் குறைகிறது, மீனுக்கு நஞ்சான அம்மோனியா சேர்கிறது. உயிரோடு இருந்தவரை அம்மோனியாவில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொண்டிருந்ததும் அந்தப் பாசிதான். மிச்ச அம்மோனியாவைச் சமாளிக்கும் நல்ல பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியிருக்கும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவியிருந்தால் அதுவும் பெரும்பாலும் போயிருக்கும்.

இன்றே கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். அடியில் கிடக்கும் செத்த பாசியை டியூப் வைத்து உறிஞ்சி எடுங்கள். கார்ப்பரேஷன் தண்ணீர் என்றால் குளோரினை நீக்கும் ஆன்டி குளோரின் போட மறக்காதீர்கள். ஏர் பம்ப் இரவு பகலாக ஓடட்டும், இரண்டு நாள் தீனி வேண்டாம். அப்புறம், இனி ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

யூ.வி. விளக்கு உங்களுக்கு வேண்டாம். அதன் வழியே ஓடும் தண்ணீரில் மிதக்கும் பாசியை மட்டுமே அது கொல்லும், கண்ணாடியில் ஒட்டியதை ஒன்றும் செய்யாது. அந்தப் பணத்தில் அம்மோனியா டெஸ்ட் கிட் வாங்குங்கள், சொட்டு விட்டுப் பார்க்கும் திரவ வகையாகப் பார்த்து. தண்ணீரில் நனைத்துப் பார்க்கும் பட்டை வகையில் பலவற்றில் அம்மோனியா சோதனையே இருக்காது. தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவையும் பாருங்கள். பிஎச் 8 உள்ள தண்ணீரில் அம்மோனியாவின் நஞ்சு, பிஎச் 7-ல் இருப்பதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு.

பாசிக்கு ஒரு காந்த ஸ்கிரேப்பரும், விளக்கை 6 முதல் 8 மணி நேரத்தில் அணைக்கும் டைமரும் போதும். வாரம் ஒரு பக்கம் சுரண்டி, உதிர்ந்ததை உடனே உறிஞ்சி எடுத்துவிடுங்கள். சக்கர் மீன் விடலாம் என்பார்கள். அது ஓர் அடிக்கு மேல் வளரும், பாசியைத் தின்பதைவிட அதிகமாகக் கழிவு போடும். வளர்ந்த பிறகு ஏரியில் விட்டால் அங்குள்ள மீன்களுக்கும் கேடு.

மருந்து லேபிள் இல்லாத சின்னப் பாட்டிலில் வந்ததா? தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர அளவு, எம்.ஆர்.பி., தயாரித்த மாதம், ஆண்டு எல்லாம் பாக்கெட்டில் இருக்க வேண்டும் என்பது சட்டம். இல்லையென்றால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். லேபிளில் காப்பர் என்றிருந்தால், இறால், நத்தை உள்ள தொட்டியில் ஊற்றவே கூடாது.

புது மீன் வாங்க அவசரப்படாதீர்கள். அம்மோனியாவும், பாக்டீரியா அதை மாற்றும்போது உண்டாகும் நைட்ரைட்டும் ஒரு வாரம் தொடர்ந்து 0 காட்டட்டும், பிறகு கடைக்குப் போகலாம்.