‘அவன்தான் எடுத்திருப்பான்’: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு சந்தில் குடியிருக்கிறோம். இரண்டு மாதத்தில் எங்கள் தெருவில் மூன்று திருட்டு. எதிர்வீட்டு சைக்கிள், மூலைவீட்டு வாசலில் வைத்திருந்த பித்தளைக் குடம், போன வாரம் எங்கள் தண்ணீர் மோட்டார். கடைசி வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிற பையன் மேல்தான் எல்லாருக்கும் சந்தேகம். இருபது வயது இருக்கும், விசைத்தறிக்கு வேலைக்குப் போகிறான். மோட்டார் போன அன்று ராத்திரி இரண்டரை மணிக்கு அவன் ஒரு சாக்கு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறியதை என் கண்ணால் பார்த்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரும் தெருப் பையன்கள் பத்துப் பேரும் அவன் ரூமுக்கே போய்க் கேட்கப் போகிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?
– பெயர் வேண்டாம், அம்மாப்பேட்டை

பதில்: சகோதரி, ஞாயிற்றுக்கிழமைக்குள் இதை உங்கள் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டிவிடுங்கள். அந்தப் பத்துப் பேரும் மாடிப்படி ஏறக் கூடாது.

நீங்கள் பார்த்தது ஒரு பையன் மூட்டையோடு வீட்டுக்கு வந்ததை. அவ்வளவுதான். விசைத்தறிக்குப் போகிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், நைட் ஷிப்ட் முடிந்து நடுராத்திரியில் ஆள் திரும்புவது உங்கள் ஊரில் அதிசயமா? மூட்டையில் கழிவு நூல் இருந்திருக்கலாம், துணி இருந்திருக்கலாம். மோட்டாராகவே இருந்திருந்தாலும், திருடினவன் அதைத் தான் குடியிருக்கும் தெருவுக்கே சுமந்து வருவானா என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். செம்புக் கம்பிக்காக மோட்டாரைத் தூக்குகிறவர்கள் பெரும்பாலும் விடிவதற்குள் அதைக் கைமாற்றிவிடப் பார்ப்பார்கள். அவன் எடுக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நான் சேலத்தில் குகை என்ற பகுதியில் வளர்ந்தவன். எனக்குப் பத்து வயதிருக்கும்போது எங்கள் தெருவில் ஒரு பித்தளை அண்டா காணாமல் போனது. வீடு வீடாகத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பையனைப் பிடித்து விளக்குக் கம்பத்தில் கட்டினார்கள். கட்டியது தறியில் பாவு நூல் கட்டுகிற கயிற்றால்தான், அந்த முடிச்சு இன்னும் கண்ணில் நிற்கிறது. இடது புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்க அவனுக்குக் கை இல்லை. தண்ணி, தண்ணி என்று மட்டும் கேட்டான். தெருவுக்கே தண்ணீர் சுமந்தவனுக்கு ஒரு சொம்பு கொடுக்க ஆள் இல்லை, நானும் நின்று வேடிக்கை பார்த்தேன். மூன்றாம் நாள் அண்டா செவ்வாய்ப்பேட்டையில் ஒரு அடகுக் கடையில் இருந்தது. வைத்தது அண்டாவைப் பறிகொடுத்த வீட்டுக்காரரின் சொந்தத் தம்பி. அந்தப் பையன் அதற்குள் ஊரைவிட்டுப் போய்விட்டான்.

பத்துப் பேர் சும்மா கேட்கத்தான் போகிறோம் என்பார்கள். ஒருவன் பதில் சொல்லத் தடுமாறுவான், ஒருவர் சட்டையைப் பிடிப்பார், இன்னொருவர் போனில் படம் எடுப்பார், அதற்குப் பிறகு யார் கையிலும் அது நிற்காது. 2018 பிப்ரவரியில் கேரளாவின் அட்டப்பாடியில் அரிசி திருடினான் என்று சொல்லி மது என்ற பழங்குடி இளைஞரைக் கட்டி வைத்து அடித்தார்கள், பக்கத்தில் நின்று செல்பி எடுத்தார்கள், அன்றே அவர் இறந்துபோனார். 2023-இல் நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்று சொல்லி, அவர்களில் 13 பேருக்கு ஏழு வருடம் கடுங்காவல் கொடுத்தது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படியும், ஜாமீன் கிடைக்காத, போலீஸ் வாரண்ட் இல்லாமல் பிடிக்கக்கூடிய குற்றம் நம் கண் எதிரே நடந்தால் பொதுமக்கள் ஆளைப் பிடிக்கலாம். பிடித்தவரை ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைத்துவிட வேண்டும். போன வாரம் நடந்த திருட்டுக்கு, சந்தேகத்தின் பேரில், ரூமுக்குள் புகுந்து பிடிக்க யாருக்கும் உரிமை கிடையாது. அடித்தால் அடித்தவர் மேல் வழக்கு, அடைத்து வைத்தால் அதற்குத் தனி வழக்கு, போட்டோவைப் போட்டுத் திருடன் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அவதூறு. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல் தடவையாகத் திருடி, அதைத் திருப்பியும் கொடுத்துவிட்டவருக்கு, அதே நாளில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டம் வைத்திருக்கும் தண்டனை சமூக சேவை. ஒரு குடத்துக்குச் சட்டமே அவ்வளவுதான் கேட்கிறது என்றால் தெரு எதற்காக ஒருவன் மண்டையை உடைக்க வேண்டும்?

சரி, செய்ய வேண்டியது என்ன? மூன்று வீட்டுக்காரர்களும் சேர்ந்து ஸ்டேஷனில் எழுத்தில் புகார் கொடுங்கள். மோட்டார் வாங்கிய பில் இருந்தால் அதில் வரிசை எண் இருக்கிறதா பாருங்கள், அந்த ஒரு எண் பத்துப் பேரின் சத்தத்தைவிடப் பெரிய சாட்சி. எப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும், குறைந்தது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் வராதீர்கள். போலீஸ் நேரடியாக விசாரிக்கக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் வழக்குப் பதிவது கட்டாயம் என்று 2013-லேயே லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, மறுத்தால் மாநகர போலீஸ் கமிஷனருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இரண்டரை மணிக்குப் பார்த்ததையும் எழுதுங்கள், ஆனால் மூட்டையைப் பார்த்தேன் என்று மட்டும் எழுதுங்கள், மோட்டாரைப் பார்த்தேன் என்று எழுதாதீர்கள். தெருமுனைக் கடையில் கேமரா இருந்தால் இன்றைக்கே போய்ச் சொல்லிவையுங்கள், பழைய பதிவு சில நாளில் அழிந்து அதன் மேலேயே புதுசு ஏறிவிடும்.

அந்தப் பையனிடம் பேசியே ஆக வேண்டும் என்றால் பகலில், வீட்டு ஓனரை வைத்துக்கொண்டு, உங்கள் வீட்டுக்காரரும் ஒரு பெரியவரும் மட்டும், தெருவில் நின்று பேசட்டும். “தம்பி, தெருவில் மூணு பொருள் போயிருக்கு. நீங்க ராத்திரி வேலை முடிஞ்சு வர்றவர், யாரையாவது பார்த்தீங்களா?” இப்படிக் கேட்டால் எடுக்காதவன் தெரிந்ததைச் சொல்லுவான், அவன் பார்த்தது உங்களுக்கு உதவலாம். எடுத்தவனாக இருந்தால் தெரு விழித்துக்கொண்டது என்று அவனுக்குப் புரிந்துவிடும்.

கேள்வி: ஏற்காட்டில் மூன்று ஏக்கர், காபியும் சில்வர் ஓக் மரத்தில் மிளகும். இரண்டு ராத்திரியாக மிளகை உருவிப் போகிறார்கள். போன வருடம் நான் வேலையை விட்டு நிறுத்திய ஆள்தான் என்று நினைக்கிறேன். ஆள் வைத்துப் பதுங்கிப் பிடிக்கவா, இல்லை வேலிக்குக் கரண்ட் கொடுக்கவா?
– ஒரு சிறு விவசாயி, ஏற்காடு

பதில்: ஐயா, கரண்ட் என்ற பேச்சையே விடுங்கள். அதில் திருடன் சாவான், விறகுக்கு வந்த பெண் சாவாள், காட்டெருமை சாகும், உங்கள் வீட்டுப் பிள்ளையும் சாகலாம், எது செத்தாலும் உள்ளே போவது நீங்கள். இருட்டில் பதுங்குவதும் வேண்டாம், அவர்கள் கையில் அரிவாள் இருக்கும், சரிவில் ஓடி விழுந்தால் யார் தூக்கி வருவது?

பச்சை மிளகு மூன்று கிலோ காய்ந்தால் ஒரு கிலோ தேறும், உங்களுக்குத் தெரியாததில்லை. அப்படியென்றால் எடுத்தவன் அதை எங்காவது களத்திலோ மொட்டை மாடியிலோ நாலைந்து நாள் காயப்போட்டாக வேண்டும், அல்லது பச்சையாகவே அடிமாட்டு விலைக்குத் தள்ள வேண்டும். டவுனில் மிளகு எடுக்கிற வியாபாரிகளிடம் இன்றைக்கே சொல்லிவையுங்கள். தோட்டமே இல்லாத ஆள் மிளகு கொண்டுவந்தால் அவர்களுக்குத் தெரியும். புகாரில் திருட்டைப் பற்றி எழுதுங்கள். நிறுத்தின ஆளின் பெயரை, வெறும் மனஸ்தாபத்தை வைத்து, நீங்களாக எழுத வேண்டாம்.

கேள்வி: இரண்டரைப் பவுன் செயினைக் காணோம் என்று எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவை, அபார்ட்மெண்ட் பெண்கள் நாலு பேர் முன்னால், பையைக் கொட்டச் சொல்லிவிட்டேன். விழுந்தது சர்க்கரை மாத்திரை அட்டையும் பேரனுக்கு எடுத்து வைத்த இரண்டு தேங்காய் பன்னும்தான். மறுநாள் செயின் பீரோவில் தலையணை உறைக்குள் கிடைத்தது. அந்த அம்மா அதற்கப்புறம் வரவில்லை. சம்பளத்தோடு ஒரு புடவையும் கொடுத்தனுப்பலாமா?
– சூரமங்கலம் வாசகி

பதில்: கொடுத்தனுப்பாதீர்கள், நீங்களே போங்கள். புடவை வேண்டாம், அது வாயை அடைக்கக் கொடுத்தது போல ஆகிவிடும். பாக்கிச் சம்பளம் அவருடைய காசு, அதை முதலில் கையில் கொடுங்கள். அவர் தெருவில் ஆள் இருக்கிற நேரமாகப் போய், “செயின் என் வீட்டிலேயே இருந்தது, தப்பு என்னுடையது, மன்னிச்சிடுங்க” என்று அவர் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள். திட்டினால் கேட்டுக்கொண்டு நில்லுங்கள். வேலைக்கு வரச் சொல்லிக் கேட்காதீர்கள், வருவதும் வராததும் அவர் இஷ்டம்.

அதற்கு முன்னால் அந்த நாலு பெண்களிடமும் செயின் கிடைத்ததைச் சொல்லிவிடுங்கள். உங்களால் அவரை வேலைக்குக் கூப்பிடாமல் விட்ட வீடு ஏதாவது இருந்தால் அந்தக் கதவையும் நீங்களே தட்டுங்கள்.