கடன் கொப்பி: ஒரு கடிதம்

ஐயா, போன கிழமை நிதி ஒழுக்கம் பற்றி, அரசு வரவுக்குள் செலவழிக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். பென்சன் மருந்துக்கும் கடைக்குமே காணாது, அதற்குள் சாமான் விலையோடு சேரும் வற் வரி (பெறுமதி சேர் வரி) 18 வீதம். கடன் வாங்கியது நாங்கள் இல்லையே, வயிற்றைக் கட்டுவது மட்டும் ஏன் நாங்கள்?
எம்., களுவாஞ்சிகுடி

அன்புள்ள எம்.,

உங்கள் கோபம் நியாயமானது. பணக்காரனும் மீன்பிடிக்கிறவனும் கடையில் ஒரே வரியைக் கட்டுவது எனக்கும் பொறுக்கவில்லை. ஆனால் வயிற்றைக் கட்டுவதை நான் ஒழுக்கம் என்று சொல்லவில்லை.

ஆரையம்பதியில் அம்மா கடையில் கடன் கொப்பிக்குத்தான் சாமான் வாங்குவார். பெரும்போக வெள்ளாமை வெட்டி நெல் விற்றதும், அந்த மாதச் சாமானுக்குக் காசைக் கையில் கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் பழைய கணக்கில் கழிக்கச் சொல்வார். முதலாளி பழைய தொகையை வெட்டி, கீழே சின்னத் தொகையை நீலப் பேனையால் எழுதி முடிக்கும்வரை அம்மா அங்கேயே நிற்பார். அரசின் கணக்கில் முதன்மை மிகை என்று சொல்வது கிட்டத்தட்ட இதுதான்: வட்டியை ஒருபக்கம் வைத்துவிட்டுப் பார்த்தால் வரவு செலவைவிடக் கூடியிருக்க வேண்டும். அந்த முதலாளி வட்டி எடுக்கவில்லை, அரசுக்கு அப்படி அநேகமாக யாரும் கொடுப்பதில்லை, வட்டியையும் புதுக் கடனில் கட்டினால் கொப்பி நிறைந்துகொண்டே போகும்.

நம் இலங்கையில் இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2003 இலேயே ஒன்று போட்டார்கள், 2013 க்குள் அரசின் கடனை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 60 வீதத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று. முடியவில்லை என்றதும் ஆண்டை 2020 க்குத் தள்ளினார்கள். 2019 டிசம்பரில் வற்றை 15 இலிருந்து 8 ஆகக் குறைத்தபோது நாமும்தான் சந்தோஷப்பட்டோம், எந்தச் செலவைக் குறைத்து இதை ஈடுகட்டுவீர்கள் என்று அநேகமாக யாரும் கேட்கவில்லை. வருமானம் விழுந்தது, மத்திய வங்கி காசு அச்சடித்தது, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்தது. செப்டம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டபோது உங்கள் பென்சனின் பெறுமதியில் கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கைத் தின்றது எந்தச் சட்டமும் போடாத ஒரு வரி. அதைத்தான் முதலில் வெறுக்கச் சொல்கிறேன்.

இப்போது 2024 இல் இன்னொரு சட்டம் வந்திருக்கிறது, வட்டி தவிர்ந்த செலவு உற்பத்தியின் 13 வீதத்தைத் தாண்டக்கூடாது என்று. நல்லதுதான். ஆனால் அந்த 13 க்குள் எதை வெட்டுகிறார்கள் என்பதில்தான் எனக்குப் பயம்: ஆஸ்பத்திரி மருந்தையா, நட்டத்தில் ஓடும் கூட்டுத்தாபனத்தையா? அடுத்த தேர்தலில் யாராவது மேடையில் வரியைக் குறைக்கிறேன் என்றால், எந்தச் செலவை என்று எழும்பிக் கேளுங்கள் சேர். நீங்கள் படிப்பித்த பிள்ளைகளையும் கேட்கச் சொல்லுங்கள்.