உப்புக் காற்றில் செர்ரி தக்காளி: கேட்டவர்களுக்குப் பதில்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், உச்சிப்புளிப் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லை முழுக்க மணல். அதில் பல வருஷமாக செர்ரி தக்காளி வளர்க்கிறேன். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மண்டபம்: அக்கா, ஆடிப்பட்டம் என்று விதைத்தேன். செடி வளர்ந்துவிட்டது, பூ மட்டும் உதிர்கிறது.

செடிமேல் குற்றமில்லை தம்பி. ஆடியில் போட்டது ஆவணி கடைசியிலும் புரட்டாசியிலும் பூக்கும். அப்போது நம் கரையில் இரவிலும் புழுக்கம் குறையாது. இரவு வெக்கை 24 டிகிரியைத் தாண்டினால் தக்காளி மகரந்தம் சரியாக வேலை செய்யாது, பூ உதிர்ந்துவிடும். பெரிய தக்காளியைவிட செர்ரி கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். கார்த்திகையில் மழைக்கு ஒதுக்குப்புறமாக நாற்று விட்டு, மார்கழியில் நடுங்கள். மாசி, பங்குனியில் கொத்துக் கொத்தாகப் பறிக்கலாம்.

கீழக்கரை: மாடியில் பைகளில் வைத்திருக்கிறேன். போர் தண்ணீர் உப்பு. இலை ஓரம் கருகுகிறது, மண்மேல் வெள்ளையாகப் படிகிறது.

நம் பக்கத்தில் பாதித் தோட்டம் கெடுவது இதனால்தான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். மண்ணில் உப்பு 2.5 டெசிசீமன் (உப்பை அளக்கும் அலகு) வரை இருந்தால் தக்காளி தாங்கும். அதற்குமேல் ஒவ்வொரு டெசிசீமனுக்கும் விளைச்சல் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். உங்கள் தண்ணீரை ஒரு தடவை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பாருங்கள்.

தினம் ஒரு செம்பு ஊற்றுவதுதான் பெரிய தப்பு. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு பையிலேயே தங்கிவிடும். ஊற்றினால் அடித்துளை வழியாக வழிகிற வரை ஊற்றுங்கள். பைக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். பத்து நாளைக்கு ஒருமுறை, பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ ஏசி தண்ணீரோ தாராளமாக விட்டு மண்ணைக் கழுவுங்கள். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை மட்டும் ஊற்றவே கூடாது. போரில் இருந்த உப்பு அதில் இன்னும் செறிந்து வரும். தென்னை நார்க்கழிவு கலப்பதாக இருந்தால் நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகு கலக்குங்கள், அதிலும் உப்பு உண்டு.

ஒன்று சொல்ல வேண்டும். லேசான உப்பில் விளையும் பழம் சிறுத்துப்போகும், ஆனால் இனிப்பு கூடும். எங்கள் கொல்லைப் பழத்தைத் தின்ற பிறகு கடைத் தக்காளி எனக்கு ருசிப்பதே இல்லை.

தங்கச்சிமடம்: பழத்தின் அடி கறுத்து அமுங்குகிறது. முட்டை ஓடு போட்டும் நிற்கவில்லை.

சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததால் வருவது இது. முட்டை ஓடு மட்க மாதக்கணக்காகும், இந்தக் காய்ப்புக்கு உதவாது. ஒருநாள் காய விட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதை நிறுத்துங்கள். மணல் சீக்கிரம் காயும், அதனால் தூரைச் சுற்றி காய்ந்த சருகை நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். மண்ணில் உப்பு ஏறினாலும் சுண்ணாம்புச் சத்து தடைப்படும், மேலே கீழக்கரைக்குச் சொன்னதைப் பாருங்கள். கறுத்த காய்களைக் கிள்ளிவிடுங்கள்.

பாம்பன்: காற்று செடியைச் சாய்க்கிறது அக்கா. என்ன செய்ய?

கடல் பக்கம் ஓலைத் தட்டி கட்டுங்கள். இடைவெளியே இல்லாமல் அடைத்தால் காற்று மேலேறி மறுபக்கம் சுழன்று அடிக்கும், கொஞ்சம் சந்து விடுங்கள். பனைமட்டையை ஆழ ஊன்றி, பழைய சேலைக் கிழிசலால் தளர்வாகக் கட்டுங்கள். பக்கக் கிளைகளைக் கிள்ளி இரண்டு தண்டு மட்டும் விட்டால் போதும். இலையில் உப்புப் படிந்தால் காலையில் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். சாயங்காலம் வேண்டாம், ஈரம் தங்கி பூஞ்சை வரும்.

தேவிபட்டினம்: கரையில் ஒதுங்கும் பாசி உரமாகுமா?

ஆகும். சாம்பல் சத்து நிறைய உண்டு. ஆனால் நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, மட்க வைத்துத்தான் போட வேண்டும்.

முதுகுளத்தூர்: பக்கத்தில் குண்டு மிளகாய் போட்டிருக்கிறோம். தக்காளி இலை சுருண்டு மஞ்சளாகிறது.

வெள்ளை ஈ கொண்டு வரும் வைரஸ் போலிருக்கிறது. இதற்கு மருந்து கிடையாது, மனசு கேட்காவிட்டாலும் அந்தச் செடியைப் பிடுங்கி எரித்துவிடுங்கள். மிளகாயும் தக்காளியும் ஒரே குடும்பம், பூச்சியும் பொதுதான், தள்ளி வையுங்கள். மற்றச் செடிகளுக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்கவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து இலையின் அடிப்பக்கம் படும்படி வாரம் ஒருமுறை அடியுங்கள்.

தொண்டி: வாங்கிய பழத்திலிருந்து விதை எடுக்கலாமா?

எடுக்கலாம். கலப்பின ரகமாக இருந்தால் தாய்ச்செடி மாதிரியே வராது. நன்றாகப் பழுத்ததைப் பிழிந்து இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, வழவழப்புப் போகக் கழுவி, நிழலில் காயவைத்து, மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள். திறந்து வைத்தால் கடல் ஈரம் ஏறி முளைப்புத் திறன் போய்விடும்.