டிராஃப்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம்: ஃபிரிஸ்கோவிலிருந்து கேட்ட தம்பிக்கு

தம்பி, எச்-1பி விசாவில் டெக்சஸின் ஃபிரிஸ்கோவுக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது, மகனுக்கு 13 வயது, மகளுக்கு 10, மகன் சென்னையில் ஒரு கால்பந்து கிளப்புக்கு ஆடியவன் என்று எழுதியிருந்தீர்கள். டிசம்பரில் எம்.எல்.எஸ். (அமெரிக்க, கனடா அணிகள் ஆடும் ஆண்கள் கால்பந்து லீக்) அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசை முறையில் எடுக்கும் சூப்பர் டிராஃப்ட் செய்தியைப் பார்த்துவிட்டு இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். இங்கே அணிகள் ஆள் எடுப்பதே இந்த டிராஃப்ட் வழியாகத்தானா? அப்படியென்றால் மகன் கல்லூரியில் சேரும்வரை அவசரம் ஒன்றும் இல்லைதானே?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அவசரம் இருக்கிறது. எம்.எல்.எஸ்.ஸுக்குள் போகும் வழிகளில் இன்றைக்கு மிகவும் குறுகலானது டிராஃப்ட்தான். 13 வயதுப் பையனின் அப்பா கவனிக்க வேண்டியது கிளப்பின் இளையோர் பயிற்சி அணியான அகாடமியையும், வீட்டில் இருக்கும் விசாக் காகிதங்களையும். டிராஃப்ட் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் நான் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது புரியும்.

ஐபிஎல் ஏலத்தில் யார் அதிக விலை கேட்கிறார்களோ அவர்களுக்கு ஆட்டக்காரர் போவார். டிராஃப்டில் விலை கேட்பதே கிடையாது. போன பருவத்தில் கடைசியில் வந்த அணிக்கு முதல் வாய்ப்பு, சாம்பியனுக்குக் கடைசி வாய்ப்பு. லீகுக்குப் புதிதாக ஓர் அணி வந்தால் அதற்கே முதலிடம். 2023-இல் ஏலம் வருவதற்கு முன்னால் டிஎன்பிஎல்-லிலும் டிராஃப்ட்தான் நடந்தது, உங்களுக்கு நினைவிருக்கலாம். எம்.எல்.எஸ்.ஸில் இப்போது 30 அணிகள், 3 சுற்றுகள், ஆக மொத்தம் 90 வாய்ப்புகள். யாரும் வேண்டாம் என்றால் அணி 'பாஸ்' சொல்லிவிடலாம். கடைசிச் சுற்றில் பல அணிகள் அப்படித்தான் செய்கின்றன. டிராஃப்டுக்கு இன்று என்ன மதிப்பு என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

முன்பு அப்படி இல்லை. 1996-இல் லீக் தொடங்கியபோது அகாடமி என்று எதுவும் கிடையாது. ஆட்டக்காரர்களோடு லீகே ஒப்பந்தம் போட்டு அணிகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. ஒப்பந்தம் இன்றும் லீகோடுதான். கல்லூரி டிராஃப்ட், துணை டிராஃப்ட் என்று தனித்தனியாக நடந்தவற்றை 2000-இல் ஒன்றாக்கி சூப்பர் டிராஃப்ட் என்று பெயர் வைத்தார்கள். 2004-இல் முதல் பெயராக எடுக்கப்பட்ட ஃப்ரெடி அடூவுக்கு 14 வயது, நாடே அவரைப் பற்றிப் பேசியது. அதே டிராஃப்டில் 8-ஆவதாக நியூ இங்கிலாந்து எடுத்த கிளின்ட் டெம்ப்ஸிதான் பிறகு அமெரிக்க அணிக்காக 57 கோல் போட்டார். லீகின் மொத்த வரலாற்றிலும் அதிகக் கோல் போட்ட கிறிஸ் வொண்டொலவ்ஸ்கி, 171 கோல், 2005-இல் மறுபடியும் தனியாக நடந்த துணை டிராஃப்டில் 41-ஆவதாக எடுக்கப்பட்டவர். திறமை கல்லூரியில் மட்டும் இருந்த காலம் அது. அதனால் டிராஃப்டின் அடிமட்டத்திலும் முத்து கிடைத்தது.

2007-இல் டேவிட் பெக்கமை லாஸ் ஏஞ்சலஸ் கேலக்ஸிக்குக் கொண்டுவர, சம்பள வரம்பைத் தாண்டி நட்சத்திர ஆட்டக்காரரை எடுக்க விடும் டெசிக்னேட்டட் பிளேயர் விதி வந்தது. அடுத்த ஆண்டு ஹோம்க்ரோன் விதி வந்தது. உங்கள் மகனுக்கு முக்கியமானது இந்த இரண்டாவது விதி. ஒரு கிளப் தன் அகாடமியில் குறைந்தது ஓர் ஆண்டு வளர்த்த பையனை டிராஃப்டுக்கு அனுப்பாமல் நேராக ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். அவன் நடுவில் கல்லூரிக்குப் போனாலும் அந்த உரிமை கிளப்பிடம்தான். ஆகவே, நல்ல அகாடமிப் பையன்கள் பெரும்பாலும் டிராஃப்டுக்கே வருவதில்லை. வான்கூவர் 15 வயதில் ஒப்பந்தம் செய்த அல்ஃபோன்ஸோ டேவிஸும், உங்கள் ஊர் எஃப்.சி. டாலஸ் வளர்த்த ரிகார்டோ பெப்பியும் இந்த வழியில் வந்தவர்கள்தான்.

டிராஃப்டில் மிஞ்சுகிறவர்கள் இரண்டு வகை. தாமதமாக வளர்ந்தவர்கள் ஒரு வகை, வெளிநாட்டிலிருந்து கல்லூரி ஸ்காலர்ஷிப்பில் வந்தவர்கள் இன்னொரு வகை. 2014-இல் முதலாவதாகப் போன கோல்கீப்பர் ஆண்ட்ரே பிளேக் ஜமைக்காக்காரர். 2015-இல் முதலாவதாகப் போன சைல் லாரின் கனடாக்காரர். 2024-இன் முதல் பெயர் டைரீஸ் ஸ்பைஸர் டிரினிடாட்காரர். டிராஃப்ட் செத்துவிட்டது என்று சொல்லவில்லை, பிளேக் மூன்று முறை ஆண்டின் சிறந்த கோல்கீப்பர் விருது வாங்கியவர். ஆனால் முதல் பத்துப் பெயருக்குப் பிறகு வழி மிகவும் ஒடுங்கிவிடுகிறது.

பெயர் வாசித்துவிட்டால் வேலை கிடைத்துவிட்டது என்று நினைப்பதுதான் இதில் நம்மவர்களிடம் அடிக்கடி பார்க்கும் தவறான எண்ணம். கிளப்புக்குக் கிடைப்பது அந்தப் பையனோடு பேசும் முன்னுரிமை மட்டும்தான். ஜனவரியில் பயிற்சி முகாமுக்கு அழைப்பார்கள், சில வாரம் பார்ப்பார்கள். பிடித்தால் ஒப்பந்தம், இல்லையென்றால் எம்.எல்.எஸ். நெக்ஸ்ட் புரோ என்ற கீழ்நிலை லீகில் ஆடும் இரண்டாம் அணியில் இடம், அதுவும் இல்லையென்றால் கை கழுவிவிடுவார்கள். அந்த உரிமை இருக்கும்வரை வேறு எம்.எல்.எஸ். கிளப் அவனைத் தொட முடியாது. யுஎஸ்எல் என்ற வேறு அமெரிக்க லீகுக்கோ வெளிநாட்டுக்கோ போகத் தடை இல்லை.

ஒப்பந்தம் கிடைத்தாலும் எந்த இடம் என்று பார்க்க வேண்டும். ரோஸ்டரில் (அணிப் பட்டியலில்) அதிகபட்சம் 30 பேர். முதல் 20 பேர் சீனியர் ரோஸ்டர், சம்பள வரம்புக்குள் வருவது இவர்கள் கணக்குத்தான். 2025-இல் அந்த வரம்பு 59.5 லட்சம் டாலர். மெஸ்ஸி மாதிரி டெசிக்னேட்டட் பிளேயர் மூன்று பேர் வரை இருக்கலாம், அவர்கள் சம்பளத்தில் ஒரு பகுதி மட்டும் வரம்பில் சேரும். 21-இலிருந்து 30 வரை உள்ள இடங்கள் வரம்புக்கு வெளியே. டிராஃப்டில் வரும் பையன் பெரும்பாலும் உட்காருவது இங்கேதான். 2025 கணக்குப்படி, இவற்றில் ரிசர்வ் எனப்படும் இடத்தின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 80,622 டாலர், சீனியர் குறைந்தபட்சம் 1,04,000 டாலர். கௌரவமான சம்பளம்தான். ஆனால் பெற்றோர் மனதில் ஓடும் கோடிகள் இல்லை. ஒப்பந்தமும் பல நேரம் ஓர் ஆண்டு, பிறகு நீட்டிப்பது கிளப்பின் விருப்பம் என்ற வகைதான்.

வேறு டிராஃப்டுகளும் இருக்கின்றன, பெயர் காதில் விழுந்தால் குழம்ப வேண்டாம். புதிய அணி வரும்போது எக்ஸ்பான்ஷன் டிராஃப்ட் நடக்கும். 2024 டிசம்பரில் சான் டியாகோவுக்கு நடந்ததில் மற்ற அணிகள் தலைக்கு 12 பேரைப் பாதுகாத்துக்கொண்டன, மிச்சத்திலிருந்து சான் டியாகோ 5 பேரை எடுக்கலாம், ஓர் அணியிலிருந்து ஒருவருக்கு மேல் கூடாது. ஒப்பந்தம் முடிந்து கைவிடப்பட்டவர்களுக்கு ரீ-என்ட்ரி டிராஃப்ட். இவை எதுவும் சிறுவர்கள் உள்ளே வரும் வழி அல்ல.

மகளுக்கு இந்தக் கவலையே வேண்டாம். பெண்கள் லீகான என்டபிள்யூஎஸ்எல் 2024 ஆகஸ்டில் ஆட்டக்காரர் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் டிராஃப்டை அடியோடு எடுத்துவிட்டது. கல்லூரி முடித்த பெண் தனக்குப் பிடித்த கிளப்போடு தானே பேசிக்கொள்ளலாம், அவள் சம்மதம் இல்லாமல் வேறு அணிக்கு மாற்றவும் முடியாது. எந்த ஊர், எந்த கோச், எவ்வளவு ஆட்ட நேரம் என்பதை அவளே தேர்ந்தெடுக்கலாம். இது ஆண்கள் லீகுக்கும் வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி விசா. டிராஃப்ட் பற்றிப் பேசும் உள்ளூர்ப் பெற்றோர் இதைச் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. எம்.எல்.எஸ். கிளப்புக்குத் தலைக்கு 8 வெளிநாட்டு இடம்தான். அதை வாங்கலாம், விற்கலாம். அதனால் அதற்கு விலை உண்டு. அமெரிக்கக் குடிமகன், கிரீன் கார்டு உள்ளவர், அகதி அல்லது அசைலம் அந்தஸ்து பெற்றவர் ஆகியோர் அமெரிக்க கிளப்பில் உள்நாட்டவர் கணக்கில் வருவார்கள். எச்-4 (எச்-1பி குடும்பத்தினர் விசா), எஃப்-1 (மாணவர் விசா) பிள்ளைகள் வெளிநாட்டவர் கணக்கு. அர்ஜென்டினாவிலிருந்து கொண்டுவரும் ஸ்ட்ரைக்கருக்கு வைத்திருக்கும் இடத்தை மூன்றாம் சுற்றில் எடுத்த கல்லூரிப் பையனுக்கு எந்த கிளப்பும் கொடுக்காது. ஆட்டம் ஒரே தரம் என்றால் கிரீன் கார்டு இருப்பவனைத்தான் எடுப்பார்கள்.

உங்கள் மகனின் எச்-4 அவனுக்கு 21 வயதாகும்போது முடிந்துவிடும். கல்லூரியின் கடைசி ஆண்டில், டிராஃப்ட் நேரத்தில், அவன் எஃப்-1 மாணவனாக இருப்பான். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இபி-2, இபி-3 (வேலை வழி கிரீன் கார்டு) வரிசை எவ்வளவு நீளம் என்பது உங்களுக்கே தெரியும். அதனால் நிறுவனத்தில் கிரீன் கார்டு வேலையைத் தொடங்கச் சொல்லி இந்த ஆண்டே கேளுங்கள். பெர்ம் (கிரீன் கார்டுக்கான முதல் கட்ட மனு) தாக்கல் ஆகும் தேதிதான் வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் ப்ரையாரிட்டி டேட். ஒவ்வொரு மாதத் தாமதமும் மகன் கணக்கில்தான் ஏறும்.

வெளிநாட்டு இடக் கணக்குக்கு ஒரு விலக்கு உண்டு, உங்களை அவசரப்படுத்துவதற்குக் காரணமே அதுதான். 15 வயதாகும் ஆண்டுக்குள் எம்.எல்.எஸ். கிளப்பின் அகாடமியில் உறுப்பினராகி, முதல் தொழில்முறை ஒப்பந்தத்தையும் எம்.எல்.எஸ்.ஸிலேயே போடும் பையன், எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் வெளிநாட்டு இடத்தில் கணக்காவதில்லை. மகனுக்கு 13. கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு கையில் இருக்கிறது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இது லீக் விதி. எச்-4 பிள்ளை சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது என்பது நாட்டுச் சட்டம். ஒப்பந்தம் வந்தால் கிளப் வழியாக பி-1ஏ என்ற விளையாட்டு வீரர் விசா எடுத்தாக வேண்டும். அகாடமியில் சம்பளம் இல்லாமல் ஆடுவதற்கு எச்-4 போதும்.

அகாடமி தேடும்போது சட்டையில் இருக்கும் சின்னத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு எம்.எல்.எஸ். கிளப்பின் பெயரில் கட்டணம் வாங்கும் யூத் அணிகள் பல இருக்கும். தேர்ந்தெடுத்த பிள்ளைகளுக்கான, கட்டணம் இல்லாத அகாடமி அணி வேறு. கோச்சிடம் நேராகக் கேளுங்கள்: இந்த அணி எம்.எல்.எஸ். நெக்ஸ்ட் என்ற இளையோர் லீகில் ஆடும் கிளப்பின் சொந்த அகாடமியா, ஹோம்க்ரோன் உரிமைக்கு இந்த ஆண்டு கணக்காகுமா? மழுப்பினால் அது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அகாடமி கோச்சுகள் பெரும்பாலும் ஆட்டங்களில் பார்த்துத்தான் அழைப்பார்கள். ஆகவே இப்போதைக்கு, அவர்களின் கண் படும் லீகில் ஆடும் அணியில், முழு நேரமும் களத்தில் நிற்கும் இடம் முக்கியம். பெரிய அணியில் பெஞ்சில் உட்காருவதில் பயன் இல்லை.

கல்லூரி வழியையும் மூடிவிட வேண்டாம். கல்லூரி விளையாட்டின் மேல்நிலையான டிவிஷன் 1-இல் ஆட, பள்ளியில் 16 முக்கியப் பாடங்களும் குறைந்தது 2.3 ஜிபிஏவும் (மதிப்பெண் சராசரி) வேண்டும். 10-ஆம் வகுப்பு முடிந்த ஜூன் 15-இலிருந்துதான் கல்லூரி கோச்சுகள் பையனோடு அணியில் சேர்ப்பது பற்றிப் பேசலாம். இரண்டாம் அணிக்கு ஆடக் கூப்பிட்டால் அமெச்சூர் ஒப்பந்தமா என்று உறுதி செய்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். தொழில்முறை ஒப்பந்தத்தில் போட்டுவிட்டால் கல்லூரியில் ஆடும் தகுதி போய்விடக்கூடும்.

கடைசியாக, இந்த மாதமே முடிக்க வேண்டிய ஒரு வேலை. அமெரிக்காவுக்கு வெளியே பிறந்த, 10 வயது நிரம்பிய பிள்ளையை இங்கே பதிவு செய்ய யு.எஸ். சாக்கரின் (அமெரிக்கக் கால்பந்து கூட்டமைப்பு) சர்வதேச அனுமதி வேண்டும். 18 வயதுக்குக் கீழே ஆட்டத்துக்காக நாடு மாறக் கூடாது என்பது ஃபிஃபா விதி. பெற்றோர் வேலைக்காக வந்தவர்கள் என்று காட்டினால் விலக்கு கிடைக்கும். மகனின் பிறப்புச் சான்றிதழ், அவன் பாஸ்போர்ட், விசா, உங்கள் பாஸ்போர்ட், விசா, நிறுவனத்தின் வேலைக் கடிதம், வீட்டு முகவரிச் சான்று ஆகியவற்றை எடுத்து வையுங்கள். சென்னை கிளப் அவனை ஏ.ஐ.எஃப்.எஃப்.-இல் (அகில இந்தியக் கால்பந்து கூட்டமைப்பு) பதிவு செய்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள், அங்கிருந்து இடமாற்றச் சான்று வர வேண்டும். நம்மவர்கள் சிக்குவது பெயரில்தான். பிறப்புச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம், அல்லது சான்றிதழில் குழந்தை பெயரே ஏறாமல் இருக்கும். மாநகராட்சி இணையதளத்திலிருந்து சான்றிதழை இறக்கிப் பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் இல்லையென்றால் ஊரில் இருப்பவரை வைத்துப் பெயர் சேர்க்க இப்போதே மனு கொடுங்கள். கோடைத் தொடக்கத்தில் டிரையவுட் (அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு ஆட்டம்) வரும்போது இந்தக் காகிதம் கையில் இருக்க வேண்டும்.